90 என்பது எத்தனை: மரைனர்ஸ் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் முன்

சியாட்டில் மரைனர்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தில் எங்களுக்கு இரண்டு இருக்கைகள் உண்டு. மூன்றாம் பேஸ் பக்கம், மேல் அடுக்கு. எங்களுக்கு என்றால் நான்கு குடும்பங்களுக்கு. சொந்த மைதானத்தில் நடக்கும் 81 ஆட்டங்களை ஆளுக்கு இருபதாகப் பிரித்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் அந்த ஒரு ஆட்டம் யாருக்கு என்று வருடாவருடம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். கணக்கு வழக்கெல்லாம் என் தலையில். அதனால் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்ததும் நான்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: இந்த வருஷமும் உண்டா, இல்லையா?

வழிகள் மூன்று. முழு சீசனையும் அப்படியே புதுப்பிப்பது. பாதி சீசனாகக் குறைத்துக்கொள்வது. இல்லையென்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தோன்றுகிற நாளில் ஒற்றை டிக்கெட் வாங்கிக்கொள்வது. ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, குளிரில் கைகால் விறைக்கும் ராத்திரியில், ஒற்றை டிக்கெட் சல்லிசாகக் கிடைக்கும். அதே டிக்கெட் செப்டம்பரில் அணி முன்னணியில் இருந்தால் கையைக் கடிக்கும். சீசன் முடிந்தபின் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் பிளேஆஃப் வந்துவிட்டால் சீசன் இருக்கை வைத்திருப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. ஆகவே எந்த வழியை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: செப்டம்பரில் இந்த அணி எதற்காகவாவது ஆடிக்கொண்டிருக்குமா? அதை மார்ச்சில் சீசன் தொடங்கும் முன்பே எதை வைத்துச் சொல்வது?

இந்த முறை கேள்வியில் கொஞ்சம் உப்பும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 20, டொராண்டோவில் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸின் பிற்பாதி தொடங்கும்போது மரைனர்ஸ் 3-1 என்று முன்னால். சற்று நேரத்தில் டொராண்டோ அணியில் ஒருவர் அவுட், இரண்டு பேர் பேஸில். இன்னும் எட்டு அவுட் எடுத்தால் வேர்ல்ட் சீரிஸ் எனும் இறுதிக் கோப்பைத் தொடர். 1977ல் பிறந்த இந்த அணி ஒருமுறைகூட வேர்ல்ட் சீரிஸ் ஆடியதில்லை. மேஜர் லீக்கின் 30 அணிகளில் இப்படி இருப்பது இது ஒன்றுதான். மேனேஜர் டான் வில்சன் பந்து போட எடுவார்ட் பசார்டோவைக் கூப்பிட்டார். கடைசி இன்னிங்ஸை முடித்து வைக்கும் அணியின் முதல்தரக் குளோசர் ஆந்த்ரேஸ் முன்யோஸ் பின்னால் புல்பென்னிலேயே, மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடத்திலேயே, இருந்தார். ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்தார். இடதுபக்க வேலியைத் தாண்டிப் பந்து போய் விழுந்தது. ஒரே அடியில் மூன்று ரன், 4-3. அவ்வளவுதான்.

அன்று எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர் இருந்தோம். யாரும் எழுந்து டிவியை அணைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து யாரோ ஒருத்தர் சாம்பாரைச் சுட வைக்கட்டுமா என்று கேட்டார்.

அந்த ராத்திரியை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் ஒன்று ஆத்திரத்தில் விட்டுவிடுவோம், இல்லை வெறியில் நாலு இருக்கை வாங்குவோம். அதனால் கைவசம் இருக்கும் அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதே அணியின் பழைய வருடங்களில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் எல்லாரும் எடுப்பது போன வருட வெற்றிக் கணக்கு. 2025ல் 90 வெற்றி, 72 தோல்வி. 2001க்குப் பிறகு முதல்முறையாக ஐந்து அணிகள் கொண்ட தங்கள் டிவிஷனில் முதலிடம். போன வருஷம் 90, இந்த வருஷமும் சுமார் 90 வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். மரைனர்ஸ் 2021ல் ஜெயித்ததும் 90, தோற்றதும் 72. 2022லும் அதே 90-72. ஆக ஐந்து வருடத்தில் மூன்று முறை அச்சடித்ததுபோல ஒரே கணக்கு. ஒன்றில் பிளேஆஃப் கிடைக்கவில்லை. ஒன்றில் 21 வருட பிளேஆஃப் பஞ்சம் தீர்ந்தது. ஒன்றில் வேர்ல்ட் சீரிஸுக்கு எட்டு அவுட் பாக்கி. உள்ளே இருந்த அணிகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அந்தச் சம்பந்தமின்மையைக் காட்டிக்கொடுப்பது இரண்டாவது அளவுகோல்.

கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு சீசன் முழுக்க அணி எடுத்த ரன்களிலிருந்து விட்டுக்கொடுத்த ரன்களைக் கழித்தால் வருவது ரன் வித்தியாசம். பேஸ்பாலில் சுமார் பத்து ரன் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது பழைய கைக்கணக்கு. இன்னும் துல்லியமாக வேண்டுமானால் பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் தந்த வாய்ப்பாடு இருக்கிறது: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன் வர்க்கமும் கொடுத்த ரன் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருகிற விகிதம்தான் அந்த அணிக்கு நியாயமாகச் சேர வேண்டிய வெற்றி விகிதம்.

2021ல் மரைனர்ஸ் எடுத்தது 697, கொடுத்தது 748. வித்தியாசம் மைனஸ் 51. வாய்ப்பாட்டில் போட்டால் 75 வெற்றிதான் வருகிறது. ஜெயித்ததோ 90. எப்படி? ஒரே ரன்னில் முடிந்த ஆட்டங்களில் 33 வெற்றி, 19 தோல்வி. தோற்றால் பத்து ரன்னில் தோற்பது, ஜெயித்தால் ஒரு ரன்னில் ஜெயிப்பது என்று வருஷம் முழுக்க ஓட்டினார்கள். பார்க்க அற்புதமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ரன் ஆட்டங்களில் அப்படி ஜெயிப்பதை அடுத்த வருடத்துக்கு மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாது. பால்டிமோர் ஓரியோல்ஸ் 2012ல் ஒரு ரன் ஆட்டங்களில் 29-9 என்று இருந்தார்கள். மறுவருடம் 20-31. ஏறக்குறைய அதே ஆட்கள்தான்.

2022ல் அதே 90க்கு ரன் வித்தியாசம் பிளஸ் 67. 2025லும் எழுபதையொட்டிய பிளஸ். அதாவது போன வருட 90 ஓசியில் வந்ததில்லை, உழைத்து வாங்கியது. இதுவரைக்கும் நல்ல செய்தி.

சரி, அப்படியானால் ரன் வித்தியாசம் ஒன்றே போதுமே, கதை முடிந்ததே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இதே அணியின் இரண்டு குளிர்காலங்கள் அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டன.

2018ல் மரைனர்ஸ் 89 வெற்றி. ரன் வித்தியாசம் மைனஸ் 34. ஒரு ரன் ஆட்டங்களில் 36-21. குளோசர் எட்வின் டியாஸ் மட்டும் 57 சேவ், அதாவது 57 ஆட்டங்களில் கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றினார். 2021ஐப் போலவே அச்சு அசல் அதிர்ஷ்ட வருடம். அளவுகோல் இரண்டு தடவையும் ஒரே எச்சரிக்கையைத்தான் சொன்னது: இது உண்மையான எண் இல்லை, கீழே விழப் போகிறது. 2018க்கு அடுத்த வருடம் அது சொன்னபடியே நடந்தது, அணி 68க்கு விழுந்தது. 2021க்கு அடுத்த வருடம் 90லேயே நின்றது, இந்த முறை நேர்மையான 90. ஒரே எச்சரிக்கை, இரண்டு வேறு முடிவுகள்.

வித்தியாசம் எங்கே என்று பார்த்தால் ஆட்களின் வயதில். 2018 அணியின் முதுகெலும்பு ராபின்சன் கனோ, நெல்சன் குரூஸ், ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ். குரூஸுக்கு 38. கனோவுக்கு 36ஐத் தொடும் வயது, அதிலும் ஊக்கமருந்து விவகாரத்தில் 80 ஆட்டத் தடை. ஒரு காலத்தில் ஊரே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கூத்தாடிய கிங் ஃபெலிக்ஸ் அந்த ஆகஸ்டில், ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்து போடும் ஸ்டார்ட்டர்களின் வரிசையிலிருந்தே இறக்கப்பட்டார். அணியின் பொது மேலாளர் ஜெரி டிபோட்டோ இதைப் பார்த்தார், கடையைக் காலி செய்துவிட்டார். கனோவும் டியாஸும் நியூயார்க் மெட்ஸுக்கு, ஜேம்ஸ் பேக்ஸ்டன் யாங்கீஸுக்கு. அப்போது திட்டியவர்களில் நானும் ஒருவன்.

2021 அணி வேறு மாதிரி. அந்த வருடம் மே மாதத்தில் பிட்சர் லோகன் கில்பர்ட் வந்திருந்தார், ஜூலையில் கேட்சர் கால் ராலி. ஜார்ஜ் கிர்பியும் ஹூலியோ ரோட்ரிகெஸும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதன்மேல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய கையோடு ராபி ரே வந்தார், அடுத்த ஜூலையில் லூயிஸ் காஸ்டியோ. அதிர்ஷ்டம் வற்றிய இடத்தில் சரக்கு வந்து நிரம்பியது.

ஆகவே ரன் வித்தியாசம் சொல்வது நேற்று என்ன நடந்தது என்பதை மட்டும்தான். நாளைக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை வேறு இடத்தில் தேட வேண்டும்.

கணிப்பு இயந்திரங்கள் அந்த வேலையைத்தான் செய்வதாகச் சொல்கின்றன. பெக்கோட்டா, ஜிப்ஸ், ஸ்டீமர் என்று பல உண்டு. ஒவ்வொரு ஆட்டக்காரரின் கடந்த சில வருடக் கணக்கு, வயது, அவரைப்போல் இருந்த பழைய ஆட்டக்காரர்கள் என்னவானார்கள் என்பதையெல்லாம் போட்டு அரைத்து, அணிக்கு இத்தனை வெற்றி என்று தரும். ரசிகர்களில் பாதிப்பேர் இதைத் திட்டுவதற்கென்றே பிப்ரவரிக்காகக் காத்திருப்பார்கள். திட்டுவதற்கு நிரந்தர ஆதாரம் 2015 கன்சாஸ் சிட்டி ராயல்ஸ். பெக்கோட்டா அவர்களுக்குக் கொடுத்தது 72 வெற்றி. அவர்கள் 95 ஜெயித்து வேர்ல்ட் சீரிஸையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு இந்த இயந்திரங்கள்மேல் கோபமில்லை. ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். நாணயத்தை 162 தடவை சுண்டினால் சராசரியாக 81 தலை விழும். ஆனால் ஒவ்வொரு 162க்கும் சரியாக 81 விழாது. மூன்றில் இரண்டு முறை 75க்கும் 87க்கும் இடையில் விழும், மூன்றில் ஒரு முறை அதற்கும் வெளியே போகும். இது திறமை, காயம், தூக்கமின்மை எதுவும் சேராத வெறும் அதிர்ஷ்டத்தின் ஆட்டம். ஆகவே ஒரு அணி சரியாக 86 வெற்றிக்குத் தகுதியானது என்று கடவுளே வந்து சொன்னாலும், அது 80ல் முடியலாம், 92லும் முடியலாம். இப்போது மரைனர்ஸ் கதையை நினைத்துப் பாருங்கள். 2023ல் 88 ஜெயித்து ஒரே ஒரு ஆட்டத்தில் பிளேஆஃபைத் தவறவிட்டார்கள். 2024ல் 85 ஜெயித்து, மறுபடியும் ஒரே ஒரு ஆட்டத்தில் தவறவிட்டார்கள். எங்கள் செப்டம்பரின் தலையெழுத்து ஒரு ஆட்டத்தில் நிற்கிறது. கணிப்போ ஆறு ஆட்டம் முன்பின்னாக ஆடுகிறது. தராசு பொய்யில்லை. அரிசி நிறுக்கும் தராசில் தங்கம் நிறுக்கக் கூடாது, அவ்வளவுதான். பந்தயக்காரர்கள் தரும் எண்ணும் ஏறக்குறைய இதே மாவில் சுட்டதுதான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் கணிப்புகளிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. எண்பதுக்குக் கீழே சொன்னால் ஒற்றை டிக்கெட். எண்பத்தைந்துக்கு மேலே சொன்னால் பேசலாம்.

அப்புறம் நட்சத்திரக் கணக்கு. எங்கள் நால்வரில் ஒருவருக்கு வாதமே இதுதான்: "ராலி இருக்காருப்பா, வேற என்ன வேணும்?" நியாயமான பேச்சு. கால் ராலி 2025ல் 60 ஹோம் ரன் அடித்தார், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி. கேட்சர் (நம்மூர் விக்கெட் கீப்பர் மாதிரி) ஒருவர் அதற்கு முன் ஒரு சீசனில் அதிகபட்சம் அடித்தது 48. இரண்டு பக்கமும் நின்று அடிக்கும் பேட்டர்களில் மிக்கி மேன்டிலின் 54 அறுபது வருடத்துக்கும் மேலாக நின்ற எண். இரண்டையும் ஒரே வருடத்தில் தாண்டினார். ஒன்பது இன்னிங்ஸ் குத்தவைத்து உட்கார்ந்து, மணிக்கு நூறு மைலை எட்டும் பந்துகளைப் பிடித்துக்கொண்டே.

ஆனால் நான் உட்கார்ந்து பழைய ஏட்டைப் புரட்டினேன். ராலிக்கு முன் ஒரு சீசனில் 60 அல்லது அதற்குமேல் அடித்தது ஆறு பேர், மொத்தம் ஒன்பது முறை. பேப் ரூத் 60 அடித்த மறுவருடம் 54. ரோஜர் மாரிஸ் 61, மறுவருடம் 33. மார்க் மெக்வயர் 70லிருந்து 65, அதிலிருந்து 32. சாமி சோசா 66லிருந்து 63, அதிலிருந்து 50. பிறகு ஒருமுறை 64 அடித்து, மறுவருடம் 49. பாரி பாண்ட்ஸ் 73லிருந்து 46. ஆரன் ஜட்ஜ் 62லிருந்து 37, அந்த வருடம் கால்விரலில் அடிபட்டு உட்கார்ந்தார். ஒன்பதில் ஒன்பது முறையும் இறக்கம்தான். உச்சி என்றால் அதன் மறுபக்கம் சரிவுதான் இருக்கும், இதில் ராலியின் குற்றம் எதுவுமில்லை. 2024ல் அவர் அடித்தது 34. நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் அடித்தாரென்றால் கோயில் கட்டலாம். ஆனால் அப்போதும் போன வருடத்தைவிடப் பதினைந்து இருபது ஹோம் ரன் குறைவு, அதை வேறு யாராவது ஈடுகட்ட வேண்டும்.

ஈடுகட்டுபவர்கள் விஷயத்தில் பாதி நிம்மதி. போன ஜூலையில் அரிசோனாவிலிருந்து வந்த ஜோஷ் நேய்லரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். டெட்ராய்ட் அணிக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தை 15வது இன்னிங்ஸில் முடித்து வைத்த ஹோர்ஹே போலாங்கோ மெட்ஸுக்குப் போய்விட்டார். அவரை நினைத்து வருந்துகிறேன். ஆனால் நட்சத்திரங்கள் போனால் அணி அவ்வளவுதான் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. 1998ல் ராண்டி ஜான்சன் போனார். 2000ல் கென் கிரிஃபி ஜூனியர். அந்த வருட முடிவில் அலெக்ஸ் ரோட்ரிகெஸ் 25.2 கோடி டாலருக்கு டெக்சஸ் போனார். மூன்று பேருமே அந்தத் தலைமுறையின் உச்ச ஆட்டக்காரர்கள். அடுத்து வந்த 2001ல் மரைனர்ஸ் ஜெயித்தது 116 ஆட்டம். ஜப்பானிலிருந்து ஒல்லியாக ஒருவர் வந்திருந்தார், பெயர் இச்சிரோ. இவர் இங்கே தாக்குப்பிடிப்பாரா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறையப் பேர்.

அந்த 116 வெற்றி அணியும் யாங்கீஸிடம் தோற்று வேர்ல்ட் சீரிஸ் பார்க்காமலே வீடு திரும்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எங்கள் கூட்டத்து அண்ணன் கோபித்துக்கொள்வார்.

சீசனுக்கு முன் நடக்கும் வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரிசோனாவின் பியோரியாவில் நடக்கும் அந்த ஒரு மாதம் வெயில் காய நல்லது. மூன்றாவது இன்னிங்ஸுக்குமேல் முக்கியமானவர்கள் குளிக்கப் போய்விடுவார்கள். முதுகில் 90க்கு மேற்பட்ட எண் போட்ட பையன்கள் ஆடுவார்கள். பிட்சர் ஒருவர் புதிதாகக் கற்ற பந்தை மட்டுமே திரும்பத் திரும்பப் போட்டு அடி வாங்குவார், அவருக்கு அது வீட்டுப்பாடம். ஸ்கோரைப் பார்க்காதீர்கள். யாருக்குத் தோள் வலிக்கிறது, யாருடைய வேகம் குறைந்திருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

ஏப்ரலும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2019 சீசனை மரைனர்ஸ் டோக்கியோவில் தொடங்கினார்கள், இச்சிரோவின் கடைசி ஆட்டங்கள். கண்ணீரோடு ஆரம்பித்து முதல் 15 ஆட்டங்களில் 13 ஜெயித்தார்கள். அணியின் வரலாற்றிலேயே அப்படித் தொடங்கியதில்லை. நான் அந்த வாரம் ஆடிப்போய்க் கூடுதலாக ஆறு ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கினேன். அந்தச் சீசன்தான் மேலே சொன்ன 68 வெற்றிச் சீசன். ஆறில் ஐந்து தோல்வி பார்த்தேன்.

இளம் திறமைகளின் பட்டியல் இன்னொரு போதை. கனோவையும் டியாஸையும் கொடுத்து வாங்கியவர்களில் தலைமகன் ஜேரட் கெலனிக். வருங்காலமே அவர்தான் என்று எல்லாப் பட்டியலும் அடித்துச் சொன்னது. 2021ல் வந்து .181 என்ற மோசமான பேட்டிங் சராசரியில் அடித்தார், அடுத்த வருடம் .141, 2023 முடிவில் அட்லாண்டாவுக்குக் கைமாறினார். அதே பட்டியல்களில் அவருக்குப் பக்கத்திலேயே இருந்த ஹூலியோ முதல் வருடமே சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். ராலியோ 2018ல் அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் ஏலத்தில்லா முறையில், மூன்றாவது சுற்றில் 90வது ஆளாக எடுக்கப்பட்டவர். பிட்சர் பிரையன் வூ ஆறாவது சுற்று. பட்டியலின் உச்சியில் இருக்கும் ஒருவரை நம்பி டிக்கெட் வாங்குவதைவிட, எத்தனை பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்று தலை எண்ணுவது மேல்.

மாந்திரீகத்தையும் விட்டுவிட முடியாது. போன செப்டம்பரில் அணி தடுமாறிக்கொண்டிருந்தபோது ஒரு ரசிகர் இணையக் கடையில் ஒரு சூனியக்காரிக்குப் பணம் கட்டி மந்திரம் போடச் சொன்னார். அணி தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்தது, 18ல் 17. ஊரில் எலுமிச்சம்பழம் கட்டுவதைக் கிண்டல் செய்யும் என் மகள் அந்த வாரம் முழுக்க அதே சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு திரிந்தாள். இந்த அளவுகோலுக்கு ஒரு நன்மை உண்டு: மற்றவற்றைவிட மலிவு.

கடைசியாக அண்ணன். எங்கள் நால்வரில் மூத்தவர், பழைய மைதானமான கிங்டோம் இருந்த காலத்திலேயே இந்த ஊருக்கு வந்தவர், 1995ல் எட்கர் மார்டினெஸ் யாங்கீஸை வீட்டுக்கு அனுப்பிய அந்த டபுளை, இரண்டாம் பேஸ்வரை ஓடவைத்த அடியை, நேரில் பார்த்தவர். அதைப் பார்த்தேன் என்று சொல்பவர்கள் எல்லாரும் உள்ளே இருந்திருந்தால் கிங்டோம் தாங்கியிருக்காது, ஆனால் அண்ணனிடம் டிக்கெட்டின் கிழித்த துண்டு இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு என் கணக்கெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, பந்து போட எத்தனை கை இருக்கு?"

அவருடைய அளவுகோல் இதுதான். சீசன் தொடங்கும் முன் ஒரு தாளில் ஸ்டார்ட்டர்களின் பெயரை எழுதுவார். பக்கத்தில் வயது, போன வருடம் எத்தனை நாள் காயத்தில் உட்கார்ந்தார் என்பது. ஐந்து பேர் போதாது, எட்டு பெயராவது எழுத வர வேண்டும் என்பார். ஆறாவது பெயரிலேயே பேனா நின்றால், "ஜூலையில நாம கடலுக்குப் போலாம்" என்று தாளை மடித்து வைத்துவிடுவார்.

முதலில் இதைக் கிழவர் பேச்சு என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், மேலே இருக்கும் எல்லாக் கதைக்கும் இது பொருந்துகிறது. 2018ல் அண்ணனின் தாள் ஃபெலிக்ஸும் பேக்ஸ்டனும் தாண்டி நகரவில்லை. 2021 முடிவில் கில்பர்ட், ரே, வரப்போகும் கிர்பி என்று நீண்டது. ரன் வித்தியாசம் எந்தப் பக்கம் சாயும் என்று நான் தேடிக்கொண்டிருந்த விடை அவர் சட்டைப்பையில் மடித்துக் கிடந்திருக்கிறது. இந்த மைதானத்தின் தன்மையும் அவருக்குச் சாதகம். கடற்காற்றும் ஈரக்குளிரும் சேர்ந்து பந்தைப் பறக்கவிடாது. வேறு ஊரில் ஹோம் ரன் ஆவது இங்கே வேலியோரம் கேட்ச் ஆகும். இங்கே பேட்டர்களுக்குக் காசு கொட்டுவதைவிட பிட்சர்களை வளர்ப்பது லாபம் என்று அணிக்கும் தெரியும்.

இந்த வருடத் தாளில் கில்பர்ட், கிர்பி, வூ, பிரைஸ் மில்லர், காஸ்டியோ. இதில் காஸ்டியோ தவிர யாரும் முப்பதைத் தொடவில்லை. 2024ல் இந்த ஐவரும்தான் அணியைத் தூக்கி நிறுத்தினார்கள், கில்பர்ட் மட்டும் இருநூறு இன்னிங்ஸுக்கு மேல் போட்டார். ஆனால் காயக் கணக்கில் அண்ணனின் பேனா அழுத்தமாக ஓடியிருக்கிறது. 2025ல் கில்பர்ட்டுக்கு முன்கை, கிர்பிக்குத் தோள், மில்லருக்கு முழங்கை, கடைசியில் செப்டம்பரில் வூவுக்கு நெஞ்சுத் தசை. வருடம் முழுக்கக் காயமில்லாமல் போட்டவர் அந்த முப்பது தாண்டிய காஸ்டியோதான். இவ்வளவுக்கும் நடுவில் 90 ஜெயித்தார்கள் என்பதை நம்பிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம், பயமாகவும் எடுத்துக்கொள்ளலாம். நான் நம்பிக்கையின் பக்கம். நால்வரும் ஒரே வருடத்தில் உட்கார்வது மறுபடியும் நடக்க வேண்டிய அவசியமில்லை. அந்தப் பக்கம் கிடைக்கும் ரன்கள், ராலி இறங்குவதில் போகும் ரன்களை ஏறக்குறைய ஈடுகட்டும். 86லிருந்து 92க்குள் என்பது என் கணக்கு. அண்ணன் எண் சொல்ல மாட்டார்.

இனி வழிகள். ஒற்றை டிக்கெட் என்பது 2019 மாதிரி வருடத்துக்கு. அணி செப்டம்பரில் உயிரோடு இருக்கும் என்று இவ்வளவு தூரம் எழுதிவிட்டு அதை எடுத்தால் நானே என்னை நம்பவில்லை என்று ஆகும். பாதி சீசன் கவர்ச்சியாகத்தான் இருந்தது. பணம் மிச்சம், ஏப்ரல் குளிரும் பாதியாகும். ஆனால் நான்கு குடும்பம் நாற்பது ஆட்டத்தைப் பிரித்தால் ஆளுக்குப் பத்து. அக்டோபர் வந்தால் யாருக்கு எது என்பதில் நட்பே முறிந்துவிடும். ஒரே குடும்பமாக எடுப்பவர்களுக்கு நான் பாதி சீசனைத்தான் சொல்வேன், அதுவும் பிற்பாதி ஆட்டங்கள் அதிகம் வரும் வகையில் இருந்தால். எங்களுக்கு முழு சீசன். ஏப்ரல் ஆட்டங்களில் பத்துப் பதினைந்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் நஷ்டம் தாங்கக்கூடியது.

பணம் கட்டியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் கூடி ஆட்டங்களைப் பிரித்தோம். சீட்டுக் குலுக்கி வரிசை போட்டு, ஒவ்வொருவரும் சுற்றுக்கு ஒன்றாக எடுப்போம். முதல் சுற்றில் வழக்கம்போலத் தொடக்க ஆட்டம், யாங்கீஸ், சனிக்கிழமை ராத்திரிகள் போயின. டொராண்டோ வரும் தொடரை மட்டும் யாரும் தொடவில்லை. எல்லை தாண்டி வான்கூவரிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து பாதி மைதானத்தை நீலமாக்கிவிடுவார்கள். ஸ்பிரிங்கர் பேட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவர்கள் போடும் கூச்சலைக் கேட்க யாருக்கும் தெம்பில்லை. எட்டாவது சுற்றுவரை அந்த மூன்று ஆட்டங்களும் தாளில் அப்படியே கிடந்தன.

ஒன்பதாவது சுற்றில் அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்றையும் பேனாவால் வளைத்தார். அவருக்கு ஒன்று போக மற்ற இரண்டுக்கும் முறை வரவில்லையே என்றேன். "யாரும் கேட்டா குடுத்துடறேன்" என்றார். யாரும் கேட்கவில்லை.